இணையப் பக்கத்தைக் கணினியும் புரிந்துகொள்ளும்படி கட்டுப்பாட்டுத் தமிழில் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்:

"கேரள அரசின் பராமரிப்பில் உள்ள, கல்குளம் வட்டத்தில் அமைந்த பத்மநாபபுரம் அரண்மனை திங்கள் தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும்."

குமரி மாவட்டத்துக்காரருக்கு இதில் குழப்பமே இல்லை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இலக்கண விதிகளை மட்டும் வைத்துப் படிக்கும் நிரலுக்கு அந்தப் பின்னணி தெரியாது. "பராமரிப்பில் உள்ள" என்ற எச்சத்தை அது பக்கத்தில் வரும் பெயரோடு ஒட்டிவிடும். கல்குளம் வட்டமே கேரள அரசின் பராமரிப்பில் இருப்பதாகப் பதிவாகும். இன்னொரு நிரல் "கேரள" என்ற சொல்லைப் பார்த்து அரண்மனையையே கேரளத்தில் கொண்டுபோய் வைக்கும்.

அதே செய்தியை இப்படிப் பிரித்து எழுதலாம்:

பத்மநாபபுரம் அரண்மனை ஓர் அரண்மனை ஆகும்.
பத்மநாபபுரம் அரண்மனை கல்குளம் வட்டத்தில் அமைந்துள்ளது.
கல்குளம் வட்டம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்துள்ளது.
கேரளத் தொல்லியல் துறை பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிக்கிறது.
பத்மநாபபுரம் அரண்மனை திங்கள்கிழமை திறந்திருக்காது.

இதுவும் தமிழ்தான், பள்ளிப் பிள்ளைகூடப் படிக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் வரும் என்பதால் நிரலும் தடுமாறாது. இயல்பான மொழியிலிருந்து சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் அளவோடு எடுத்து, விதி வகுத்து எழுதும் இந்த முறைக்குக் கட்டுப்பாட்டு இயல்மொழி என்று பெயர்.

இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, மனிதர் தவறாகப் படிக்காமல் இருப்பதற்கானது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு வந்த ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கிலத் தரம் இந்த வகை. செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல் என்று அது வரம்பு வைத்திருக்கிறது. மற்றொன்று, வாக்கியத்தை அப்படியே தர்க்க வடிவுக்கு மாற்றுவதற்கானது. சூரிச் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் வளர்ந்த அட்டெம்ப்டோ ஆங்கிலம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாம் இங்கே உருவாக்கப் போவது இரண்டாவது வகையில், சிறிய அளவில், ஒரு வலைத்தளத்துக்குப் போதுமான கட்டுப்பாட்டுத் தமிழ்.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள்தான் எந்த நடையையும் படிக்கின்றனவே, இது எதற்கு என்று கேட்கலாம். அவை படிப்பது ஊகித்து. பல நேரம் சரியாக இருக்கும். எப்போது தவறும் என்று உங்களால் சொல்ல முடியாது. திறப்பு நேரம், நீள அகலம், யார் பொறுப்பு, எந்த வட்டம் போன்ற செய்திகளில் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. தமிழில் இணையத் தரவு குறைவாக இருப்பதால் ஊகம் தவறும் வாய்ப்பும் நமக்கு அதிகம்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

முழுப் பக்கத்தையும் கட்டுப்பாட்டு மொழியில் எழுத முயல்வது வேண்டாத வேலை. வாசகர் ரசித்துப் படிக்கும் கட்டுரை வழக்கம்போல இருக்கட்டும். பக்கத்தின் மேலே ஒரு தகவல் பெட்டி வைத்து, 10 முதல் 15 வாக்கியங்களை மட்டும் விதிப்படி எழுதினால் போதும்.

எந்த வாக்கியங்கள் என்று முடிவுசெய்ய, அந்தப் பக்கத்தைத் தேடி வருபவர் கேட்கும் கேள்விகளைப் பட்டியலிடுங்கள். அரண்மனைக்கு: எங்கே இருக்கிறது, எந்த நாள் மூடியிருக்கும், யார் பராமரிக்கிறார்கள். வாழைக்குலை மொத்த வியாபாரியின் பக்கத்துக்கு: என்ன ரகம், விலை கிலோவுக்கா குலைக்கா, எந்தச் சந்தை. கேள்வியில் வராத செய்தியைப் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

படி 2: பெயர்ப்பட்டியல்

ஒரு விரிதாளைத் திறந்து, பக்கத்தில் வரும் ஒவ்வொரு இடம், நிறுவனம், பொருளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நெடுவரிசைகள்: அடையாள எண், முதன்மைப் பெயர், வகை, மாற்றுப் பெயர்கள், விக்கிதரவு எண் (விக்கிதரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் அதற்குரிய எண்).

அடையாள எண் "இடம்-014" போலக் குறுகியதாகவும் எதையும் சொல்லாததாகவும் இருக்கட்டும். பெயரையே அடையாளமாக வைத்தால் கோவில், கோயில் என்று எழுத்து மாறும்போதெல்லாம் இணைப்புகள் அறுந்துபோகும். மேலும் இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டாகி, விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக நீளும். முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது பாதியில் வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெயர்களில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒரே பெயர் இரண்டு இடத்துக்கு: "கன்னியாகுமரி" ஊரும்தான், மாவட்டமும்தான். "குமரி" என்று சுருக்கினால் அம்மனும் சேர்ந்துகொள்வாள். எனவே மாவட்டத்தைச் சொல்லும்போது "மாவட்டம்" என்ற சொல் எப்போதும் கூட வர வேண்டும். பெயருக்குள் பெயர்: "சின்னமுட்டம்" என்ற துறைமுக ஊருக்குள் "முட்டம்" ஒளிந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு ஊர்கள். அதேபோல "பத்மநாபபுரம் அரண்மனை"க்குள் "பத்மநாபபுரம்" என்ற ஊர். ஆகவே நிரல் முழுச்சொல்லைத்தான் தேட வேண்டும், அதிலும் நீளமான பெயரை முதலில் தேட வேண்டும். மூன்றாவது, இடைவெளி: மாத்தூர் தொட்டிப்பாலம், தொட்டிப் பாலம், தொட்டி பாலம் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். மூன்றையும் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள்.

படி 3: ஒரு சொல், ஒரு பொருள்

மற்ற மாவட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு, இங்கே மரச்சீனி. அங்கே மத்தி, இங்கே சாளை. அங்கே தார், இங்கே குலை. நேந்திரன் இங்கே ஏத்தன். எதை முதன்மைச் சொல்லாக வைப்பது? உங்கள் வாசகர் சொல்லும் சொல்லையே வையுங்கள். மார்த்தாண்டம் சந்தைக்கு வருபவர் "மரச்சீனி" என்றுதான் தேடுவார். வெளியூர்ச் சொல்லை மாற்றுப் பெயர் நெடுவரிசையில் போட்டு, இரண்டையும் ஒரே அடையாள எண்ணில் கட்டிவிட்டால் இரு தரப்புக்கும் பதில் கிடைக்கும். வட்டாரச் சொல்லை அழித்துப் பொதுச்சொல்லை வைப்பது தரப்படுத்தல் ஆகாது. தேடுபவர் கண்ணிலிருந்து பக்கத்தை மறைப்பதுதான் அது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: ஒரே சொல்லுக்குப் பல பொருள். தோவாளைப் பூச்சந்தைப் பக்கத்தில் "மாலை" பூமாலையும் ஆகும், சாயங்காலமும் ஆகும். "ஆறு" பறளியாறும் ஆகும், எண்ணும் ஆகும். "திங்கள்" கிழமையும் ஆகும், மாதமும் ஆகும். தீர்வுகள் எளியவை: எண்களை எப்போதும் இலக்கத்தில் எழுதுங்கள், அப்போது "ஆறு" நதி மட்டுமே. கிழமையை "திங்கள்கிழமை" என முழுதாக எழுதுங்கள். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதினால் "மாலை" பூக்கடைக்கே போய்விடும்.

படி 4: வாக்கிய அச்சுகள்

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது இந்த வேலைக்குக் கிடைத்த பெரிய வசதி. கடைசிச் சொல்லைப் பார்த்தாலே எந்த அச்சு என்று நிரல் தெரிந்துகொள்ளும். வேற்றுமை உருபு எது எழுவாய், எது செயப்படுபொருள், எது இடம் என்று காட்டிக்கொடுக்கும். சிறிய தளத்துக்கு இந்த எட்டு அச்சுகள் போதும்:

வகை: மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு நீர்ப்பாலம் ஆகும்.
இடம்: பத்மநாபபுரம் அரண்மனை கல்குளம் வட்டத்தில் அமைந்துள்ளது.
அளவு: மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி ஆகும்.
பகுதி: பீடம் சிலைத்தொகுதியின் பகுதி ஆகும்.
செயல்: பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகுகளை இயக்குகிறது.
காலம்: விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.
நேரம்: அரண்மனை செவ்வாய்க்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரை திறந்திருக்கும்.
பொது விதி: ஒவ்வொரு நீர்ப்பாலமும் ஒரு பாலம் ஆகும்.

"ஆகும்" என்பதைப் பேச்சிலும் எழுத்திலும் விட்டுவிடுவோம். இங்கே விடக் கூடாது. அது போனால் வாக்கியம் எங்கே முடிந்தது, எந்த அச்சு என்ற இரண்டு செய்தியும் போய்விடும். வகை, அளவு, பகுதி, பொது விதி என்ற நான்கு அச்சுகளும் "ஆகும்" என்றே முடிவதால், அவற்றில் மட்டும் கடைசிக்கு முந்திய சொல்லையும் நிரல் பார்க்க வேண்டும். பொது விதியை முதலில் வரும் "ஒவ்வொரு" காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் வேற்றுமையும் அப்படித்தான். அஃறிணையில் ஐ உருபை மறைத்துச் சொல்வது நம் வழக்கம்: "கழகம் படகு இயக்குகிறது". நிரலுக்கு இதில் இரண்டு எழுவாய் தெரியும். ஐ உருபு கட்டாயம் என்பதை விதிப் பட்டியலில் முதல் வரியாகவே எழுதிவையுங்கள்.

செயப்பாட்டு வினை காலம் அச்சில் மட்டும் வரலாம். "கேரளத் தொல்லியல் துறையால் பராமரிக்கப்படுகிறது" என்பதை "துறை அரண்மனையைப் பராமரிக்கிறது" என்று திருப்புங்கள். ஒரே உறவுக்கு இரண்டு வடிவம் இருந்தால் நிரலும் இரட்டிக்கும், பிழையும் இரட்டிக்கும். வாக்கிய நீளம் 10 சொல்லுக்குள் நிற்கட்டும். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக வருவது பலவும் தமிழில் உருபாகச் சொல்லோடு ஒட்டிவிடுவதால் 20 சொல் நமக்கு மிக அதிகம்.

அளவு அச்சில் கவனம் வேண்டிய ஓர் இடத்தை நெருங்கிப் பார்ப்போம். "திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி" என்று எல்லோரும் எழுதுகிறோம். 133 அடி என்பது பீடமும் உருவமும் சேர்ந்த கணக்கு. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்களுக்காக. உருவம் 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த அதிகாரங்களுக்காக. ஒரு பக்கம் சிலை 133 என்றும் இன்னொரு பக்கம் 95 என்றும் சொன்னால், இரண்டும் உண்மையாக இருந்தும் இயந்திரம் முரண்பாடு என்றே பதிவுசெய்யும். எனவே பெயர்ப்பட்டியலில் மூன்று வரி வேண்டும்: சிலைத்தொகுதி, சிலைப்பீடம், சிலையுருவம்.

சிலைப்பீடம் சிலைத்தொகுதியின் பகுதி ஆகும்.
சிலையுருவம் சிலைத்தொகுதியின் பகுதி ஆகும்.
சிலைப்பீடத்தின் உயரம் 38 அடி ஆகும்.
சிலையுருவத்தின் உயரம் 95 அடி ஆகும்.
சிலைத்தொகுதியின் உயரம் 133 அடி ஆகும்.

இப்போது நிரல் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

படி 5: உம், இல்லை, அது

பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்று இடத்தில் பிறக்கும்.

"உம்" ஒரே உருவில் பல வேலை செய்கிறது. "செவ்வாயும் புதனும்" என்பதில் சேர்ப்பு. "ஞாயிறும் திறந்திருக்கும்" என்பதில் கூடுதல். "மூன்று கடலும்" என்பதில் முழுமை. விதி: "ஒவ்வொரு" என்ற சொல்லோடு வரலாம், இரண்டு பொருளை இணைக்கும் வினையில் இணையாக வரலாம். "கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் பாறையையும் இணைக்கிறது" என்பது சரி. இந்த வினைக்கு மட்டும் ஒன்பதாவது அச்சு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

"அல்ல" என்பது அடையாளத்தை மறுக்க மட்டும்: சின்னமுட்டம் முட்டம் அல்ல. "இல்லை" என்பது இருப்பை மறுக்க மட்டும். வினையை மறுக்க "திறந்திருக்காது" போன்ற வடிவம். "அரண்மனை திங்கள் இல்லை" என்று பேச்சில் சொல்லலாம், பெட்டியில் எழுதக் கூடாது.

எதிர்மறை வாக்கியங்களை வெளிப்படையாக எழுதுவதன் அவசியம் பலருக்குப் புரிவதில்லை. இணையத் தரவின் தர்க்கத்தில், சொல்லப்படாதது பொய் என்று ஆகாது. தெரியாதது என்றே ஆகும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும் என்று மட்டும் எழுதினால், திங்கள் பற்றிக் கேட்டவருக்கு "தெரியவில்லை" என்பதே நேர்மையான பதில். வருபவர் ஏமாறக்கூடிய இடத்தில் எல்லாம் எதிர்மறையை எழுதுங்கள்.

அது, இது, அங்கு, இங்கு, அவர் ஆகியவை பெட்டிக்குள் வரக் கூடாது. பெயரையே திரும்ப எழுதுங்கள். படிக்கச் சற்று வறட்சியாக இருக்கும். கட்டுரைப் பகுதி தனியாக இருப்பதால் பரவாயில்லை.

படி 6: நாள், ஆண்டு, அலகு

நாளை ஆண்டு-மாதம்-தேதி வரிசையில் சேமியுங்கள்: 1956-11-01. வாசகருக்குக் காட்டும்போது "1956 நவம்பர் 1" என்று காட்டலாம். 04-05 என்று எழுதினால் ஏப்ரலா மே மாதமா என்று யாருக்கும் உறுதியில்லை.

பழைய திருவிதாங்கூர் நிலம் என்பதால் கல்வெட்டிலும் பழைய ஆவணத்திலும் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள நாளுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆவணிக்கு முன்புவரை உள்ள நாளுக்கு 825ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1200 பிறந்தது 2024 ஆகஸ்டில். மாதம் தெரியாத ஆவணமானால் ஒரே ஆண்டாக மாற்றாமல் இரண்டு ஆண்டையும் எல்லையாகப் பதியுங்கள். மூல எண்ணையும் கூடவே வையுங்கள்.

அலகு எண்ணுக்குப் பின்னால் இடைவெளி விட்டு வரட்டும். 1 அடி 0.3048 மீட்டர், 1 சென்ட் 435.6 சதுர அடி. மாற்றும் வேலையை நிரலிடம் விடுங்கள். ஏத்தன் குலையின் எடை குலைக்குக் குலை மாறும் என்பதால் "குலை"யைக் கிலோவாக மாற்ற முயலாதீர்கள்.

படி 7: எழுத்துச் சுத்தம்

திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொல் கணினிக்கு வேறாக இருக்கலாம். தாழக்குடி ஔவையாரம்மன் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். "ஔ" என்ற ஓரெழுத்தால் தட்டுபவர் உண்டு. "ஒ" போட்டுப் பக்கத்தில் "ள" தட்டுபவரும் உண்டு. கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. "கௌ", "கெள" விஷயமும் இதுவே. ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்யாது. சந்தேகச் சொற்களுக்கு நீங்களே ஒரு மாற்றுப்பட்டியல் வைக்க வேண்டும். "கொ" போன்றவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தால் என்.எஃப்.சி என்ற யூனிகோடு இயல்பாக்கம் சேர்த்துவிடும். அதை முதல் வேலையாக எல்லா உரைக்கும் ஓட்டுங்கள். வேர்டு கோப்பிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் ஒட்டிய உரையில் அகலமற்ற இணைப்பான்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருக்கும், அவற்றையும் நீக்குங்கள்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உரையில் தேடுவதற்கு அதில் உள்ளமைந்த ரீ தொகுப்பில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறி, புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எண்ணாது. "முட்டம்" துண்டு துண்டாகிவிடும். இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் பிரியுங்கள், அல்லது ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

படி 8: வேற்றுமை அட்டவணையும் நிரலும்

சொல்லை வேராகவும் உருபாகவும் பிரிக்கும் முழுமையான உருபனியல் பகுப்பான் தேவையில்லை. பெயர்ப்பட்டியல் உங்கள் கையில் இருப்பதால், ஒவ்வொரு பெயரின் வடிவங்களையும் முன்கூட்டியே எழுதிவிடலாம்: எழுவாய், ஐ, ஆல், கு, இன், இல். 300 பெயருக்கு 1,800 வடிவம். ஒரு விரிதாள் தாங்கும். மகர ஈறு மாறும்: முட்டம், முட்டத்தை, முட்டத்தில். "ஆறு" இரட்டிக்கும்: பறளியாறு, பறளியாற்றில். மற்றவை நேரானவை: தோவாளையில், குளச்சலில். விதிப்படி உருவாக்கியபின் ஒருவர் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும்.

வல்லினம் மிகும் இடம்தான் புதியவர்களைத் திணறடிக்கும். "அரண்மனையைப் பராமரிக்கிறது" என்பதில் அட்டவணையில் இருப்பது "அரண்மனையை". உரையில் இருப்பது "அரண்மனையைப்". சொல் க், ச், த், ப் என முடிந்து, அடுத்த சொல் அதே வரிசை எழுத்தில் தொடங்கினால் அந்த ஒற்றை நீக்கிவிட்டுத் தேடுங்கள். சந்தி போடாமல் எழுதியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதுபவரை அதற்காக நிறுத்தக் கூடாது.

நிரலின் ஓட்டம்: வரிக்கு ஒரு வாக்கியம் எடு, சுத்தம் செய், நீளமான பெயரிலிருந்து அட்டவணையில் பொருத்து, கடைசிச் சொல்லால் அச்சைத் தேர்ந்தெடு, உருபுகளைச் சரிபார், எழுவாய்–உறவு–பொருள் என்ற மூன்று பகுதியாக எழுது. தெரியாத ஒரு சொல் இருந்தாலும் வாக்கியத்தை நிராகரிக்க வேண்டும். ஊகிக்கத் தொடங்கினால் இவ்வளவு உழைப்பும் வீண். நிராகரிக்கும் செய்தி தெளிவான தமிழில் இருக்கட்டும்: "வரி 4: இரண்டு எழுவாய் உள்ளது. 'படகு' என்பதில் ஐ உருபு விடுபட்டதா?" பிழை எண் மட்டும் காட்டும் கருவியை எழுதுபவர்கள் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

படி 9: ஜேசன்-எல்டி

கிடைத்த மூன்று பகுதிக் கூற்றுகளை ஜேசன்-எல்டி என்ற, இயந்திரம் படிக்கும் தரவு வடிவில், பக்கத்தின் ஸ்கிரிப்ட் குறிக்குள் வையுங்கள். தமிழ்ச் சொற்களையே சாவியாக வைத்துச் சூழல் பகுதியில் பொருத்திக்கொள்ள ஜேசன்-எல்டி இடம் தருகிறது. ஆனால் தேடுபொறிகள் 2011இல் தொடங்கிய ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலின் சொற்களையே எதிர்பார்க்கும். அதனால் வெளியீட்டில் அந்தச் சொற்கள் இருக்கட்டும். தமிழ் உறவுப்பெயர்கள் உங்கள் விரிதாளில் இருக்கட்டும். அரண்மனை "டூரிஸ்ட் அட்ராக்‌ஷன்" வகை, திறப்பு நேரம் "ஓப்பனிங் அவர்ஸ் ஸ்பெசிஃபிகேஷன்". ஸ்கீமாவில் நேர்ச்சொல் இல்லாத உறவுக்கு விக்கிதரவைப் பாருங்கள்: பராமரிப்பவர் பி126, நிர்வாகப் பகுதி பி131, உயரம் பி2048. பெயர்களுக்கு மொழிக்குறியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

பெட்டியில் வாசகருக்குக் காட்டாத எதையும் ஜேசனில் ஒளித்து வைக்காதீர்கள். தேடுபொறிகளின் விதிக்கும் அது எதிரானது. தவறு இருந்தாலும் யார் கண்ணிலும் படாது.

படி 10: சோதனை

ஸ்கீமா வேலிடேட்டர் என்ற சரிபார்ப்புக் கருவி, தரவின் அமைப்பு சரியா என்று மட்டும் சொல்லும். பொருள் சரியா என்று பார்க்க, கூற்றுகளிலிருந்து வாக்கியத்தைத் திரும்ப உருவாக்கி மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு படி 1இல் எழுதிய கேள்விகளைத் தரவிடம் கேளுங்கள். பதில் வராத கேள்விக்கு ஒரு வாக்கியம் குறைகிறது; இரண்டு பதில் வரும் கேள்விக்கு ஒரு பெயர் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

காலாவதியாகும் செய்திகளுக்குச் சரிபார்த்த நாளைக் கூடவே பதியுங்கள். "பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகரம்" என்று கால எல்லை இல்லாமல் எழுதினால் இன்றும் அப்படியே என்று பொருளாகும். 1795 வரை என்ற முடிவு வேண்டும். மாவட்டத்தில் நான்கு வட்டங்கள் இருந்தபோது எழுதிய பக்கங்களில், கல்குளம், விளவங்கோடு என்று குறித்த ஊர்கள் சில இப்போது திருவட்டார், கிள்ளியூர் வட்டங்களில் இருக்கின்றன. வட்டம் பற்றிய வாக்கியம் ஒவ்வொன்றையும் வருவாய்த்துறையின் இப்போதைய கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியவற்றின் பழைய கூற்றுக்கு முடிவுநாள் கொடுத்துப் புதிய கூற்றைத் தனி வரியாகச் சேருங்கள்.